குமிழை விட்டதும் அணைந்துவிடும் கேஸ் ஓவன்: தெர்மோகப்பிளை மாற்றுவதா, எடுத்தே விடுவதா?

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் மேலே நான்கு பர்னரும் கீழே ஓவனுமாக ஒரே பெட்டியில் அமைந்த கேஸ் அடுப்பு இருக்கிறது. பிரான்சில் வேலை பார்த்து ஓய்வுபெற்று வந்த என் பெரிய மாமனார் வீட்டுச் சாமான்களோடு கொண்டுவந்தது. அவர் வீட்டில் அது பிரிக்காமலேயே கிடந்தது. போன ஆண்டு மகன் வீட்டோடு போய்விட்டதால் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு மெக்கானிக் வந்து சிலிண்டரில் இணைத்துக் கொடுத்தார். பாத்திரத்தின் அடி கொஞ்சம் கறுக்கிறது என்பதைத் தவிர மேல் பர்னர்களில் குறையில்லை.

தொல்லை ஓவனில்தான். குமிழை அழுத்தித் திருப்பினால் தீ பற்றிக்கொள்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும் வரை எரிகிறது. கையை எடுத்ததும் அணைந்துவிடுகிறது. அரை நிமிடம் பிடித்துப் பார்த்தாலும் அதே கதைதான்.

அதே மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டோம். "வெளிநாட்டுப் பொருளுக்கு இங்கே ஸ்பேர் கிடைக்காது. உள்ளே இருக்கும் காந்தத்தை எடுத்துவிட்டால் கையை விட்டாலும் எரியும்" என்கிறார். பத்து நிமிட வேலையாம். கிறிஸ்துமஸ் நெருங்குகிறது. எங்கள் வீட்டு விவிகம் கேக் ரவையும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்து நிதானமான சூட்டில் நெடுநேரம் வேக வேண்டியது. அக்கம்பக்கத்துக்கும் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவர் சொல்வதுபோல் செய்யலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பளம் எழுதியது:

தாராளமாகச் செய்யலாம், சகோதரி. நம் ஊர்க் கடைகளில் விற்கும் இரண்டு பர்னர், மூன்று பர்னர் அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு, தீ அணைந்தால் கேஸை நிறுத்தும் இந்தப் பாதுகாப்பு ஏற்பாடே கிடையாது. எத்தனை வீடுகளில் அவற்றை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சமைக்கிறார்கள்! என் வீட்டு அடுப்பிலும் ஒரு பர்னரில் அதை எடுத்துவிட்டுத்தான் ஓட்டுகிறோம். ஒன்றும் ஆகவில்லை.

கெடிலக்கரை எழுதியது:

அம்மா, தயவுசெய்து அந்தக் காந்தத்தை எடுக்க விடாதீர்கள். நான் கடலூர் சிப்காட்டில் கருவிப் பிரிவில் வேலை பார்த்தவன். தெர்மோகப்பிளோடுதான் என் பணிக்காலம் கழிந்தது.

முதலில் அது என்ன செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஓவன் பர்னருக்கு அருகில், தீ நக்கும்படியாக, சிறு குச்சி போன்ற முனை ஒன்று இருக்கும். அதுதான் தெர்மோகப்பிள். அதற்குள் இரண்டு வேறு உலோகங்கள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சேர்க்கை சூடாகும்போது அங்கேயே சிறிதளவு மின்சாரம் பிறக்கிறது. 20, 30 மில்லிவோல்ட்தான். ஆனாலும் வால்வுக்குள் இருக்கும் மின்காந்தத்துக்கு அது போதும். நீங்கள் குமிழை அழுத்தும்போது வால்வைக் கையால் திறக்கிறீர்கள். முனை சூடேறியதும் காந்தம் அதைப் பிடித்துக்கொள்கிறது. தீ அணைந்தால் முனை ஆறும், மின்சாரம் நிற்கும், காந்தம் விட்டுவிடும், ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். வெளி மின்சாரம் எதுவும் வேண்டாம். மனிதர் கவனம்கூட வேண்டாம். காந்தத்தை எடுத்துவிட்டால், தீ அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டே இருக்கும்.

உப்பளம் தம்பி சொல்வது மேல் பர்னருக்கு ஓரளவு பொருந்தும். அது திறந்த இடம், தீ கண்ணெதிரே எரிகிறது, பால் பொங்கி அணைத்தால் உடனே தெரியும், பக்கத்தில் ஆளும் இருப்பார். ஓவன் அப்படியில்லை. பர்னர் அடித்தட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, கதவும் மூடியிருக்கிறது. கேக்கை உள்ளே வைத்தால் யாரும் ஒரு மணி நேரம் அங்கேயே நிற்பதில்லை. அதோடு ஓவனில் தீ எப்போதும் ஒரே அளவில் எரிவதும் இல்லை. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அதை மிகச் சிறிதாக்கிவிடும். அந்த நேரத்தில் கதவைப் படாரென்று சாத்தினாலே அணையலாம். அணைந்தால் எல்பிஜி எங்கே போகும்? அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். மேலே எழாது. ஓவன் பெட்டியின் அடியிலும் சமையலறைத் தரையிலும் தேங்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறி போதும், வெடிக்கும்.

ஸ்பேர் கிடைக்காது என்பதையும் நான் ஏற்கவில்லை. தெர்மோகப்பிள் பெரும்பாலும் பொதுவான அளவுகளில் வருவதுதான். கம்பெனி பெயரைத் தேட வேண்டாம், அளவைத் தேடுங்கள்.

அடுப்படி எழுதியது:

தங்கச்சி, நான் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். என் ஓவனிலும் இதே கோளாறு வந்திருக்கிறது. வாங்குவதற்கு முன் கையிலிருப்பதைச் சரியாகப் பாருங்கள். நம் பக்கம் உப்புக்காற்று. செம்பு, பித்தளை எதுவானாலும் பச்சை பிடித்துவிடும். தெர்மோகப்பிளின் மறுமுனை வால்வில் ஒரு சிறு நட்டால் பொருத்தப்பட்டிருக்கும். அந்தத் தொடுமுனையில் களிம்பு ஏறினால், இத்தனூண்டு மில்லிவோல்ட் எப்படித் தாண்டும்? அதைக் கழற்றிச் சுத்தமான துணியால் துடைத்து மறுபடி மாட்டியதும் என் ஓவன் எரியத் தொடங்கிவிட்டது. நட்டு தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிதான். தீப்படும் முனையில் கரி படிந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் மெதுவாகத் தேயுங்கள். முனை தீயை விட்டு விலகி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஓவனுக்குள் இரண்டு மெல்லிய செம்புக் குழாய்கள் போகும். ஒன்று தெர்மோகப்பிள், பர்னரின் ஓரத்தில் போய் முடியும். மற்றொன்று தெர்மோஸ்டாட்டின் குழாய், ஓவன் அறைக்குள் மேலேயோ பக்கவாட்டிலோ கிளிப்பில் மாட்டிய தடித்த குப்பியில் முடியும். அதற்குள் திரவம் இருக்கிறது. சூட்டில் அந்தத் திரவம் விரிந்துதான் கேஸைக் குறைக்கிறது. அதை வெட்டினாலோ ஒடித்தாலோ திரவம் போய்விடும், தெர்மோஸ்டாட்டுக்குச் சூடு தெரியாது, தீ குறையவே குறையாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வந்தவர் இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டு இதை வெட்டிவிட்டார். அந்த வீட்டு ஓவன் இப்போது பாத்திரம் அடுக்கும் அலமாரி.

உப்பளம் எழுதியது:

ஐயா சொன்ன மூடிய பெட்டி விஷயம் எனக்குப் புதிது. ஓவனுக்கு வேண்டாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செலவையும் பார்க்க வேண்டுமல்லவா? வாங்கி மாட்டிய பிறகு கோளாறு காந்தத்தில்தான் என்று தெரிந்தால் வாங்கிய பணம் வீண்தானே?

கெடிலக்கரை எழுதியது:

நியாயமான கேள்வி. அதற்குத்தான் மல்டிமீட்டர். தெர்மோகப்பிளைக் கழற்றி வெளியே எடுங்கள். தீப்படும் முனையை இடுக்கியால் பிடித்து வேறொரு அடுப்பின் நீலத் தீயில் காட்டுங்கள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒரு கம்பியை வால்வுப் பக்க நுனியில் உள்ள சிறு பொட்டிலும், மற்றதைச் செம்புக் குழாயிலும் தொடுங்கள். நல்ல தெர்மோகப்பிள் என்றால் அரை நிமிடத்தில் 20க்கு மேல் ஏறும். பத்தைக்கூடத் தாண்டாவிட்டால் அது முடிந்துவிட்டது. நன்றாக ஏறியும் ஓவனில் தீ நிலைக்காமல் அணைந்தால் சந்தேகம் காந்தத்தின் மேல் போக வேண்டும். முத்தியால்பேட்டை அம்மாவின் அடுப்பில் மேல் பர்னர்களுக்கும் தெர்மோகப்பிள் இருந்து, நுனி ஒரே மாதிரியாக இருந்தால், அதில் ஒன்றைத் தற்காலிகமாக ஓவன் வால்வில் மாட்டிச் சோதிப்பதும் உண்டு.

கழற்றுவதற்கு முன் ரெகுலேட்டரை சிலிண்டரிலிருந்து எடுத்துவிட வேண்டும். மூடினால் மட்டும் போதாது. தீப்பொறி, விளக்கு, விசிறி என்று மின்சார இணைப்பு இருந்தால் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் தம்பி வந்திருந்தான். ரெகுலேட்டரைக் கழற்றி வைத்துவிட்டு ஓவனின் அடித்தட்டை எடுத்தோம். பர்னர் ஓரத்தில் இருந்த முனை கன்னங்கரேல் என்று இருந்தது. தேய்த்தபோது நுனி உளுத்ததுபோல் குழிவிழுந்திருந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் காட்டி அளந்தோம். 6 மில்லிவோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. வால்வுப் பக்கம் பளபளவென்றுதான் இருந்தது. அப்படியானால் தெர்மோகப்பிள்தான் போய்விட்டது, சரிதானே? எங்கே வாங்குவது? காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் பழைய அடுப்புச் சாமான்கள் பார்த்திருக்கிறேன்.

அடுப்படி எழுதியது:

பழையது வேண்டவே வேண்டாம், தங்கச்சி. இன்னொருவர் வீட்டில் தீயில் வெந்து முடிந்ததை ஏன் வாங்க வேண்டும்? ஓட்டல் அடுப்பு, பேக்கரி அடுப்பு பழுதுபார்க்கும் கடைகளில் கேளுங்கள். அவர்கள் தெர்மோகப்பிளை அடிக்கடி மாற்றுகிறவர்கள். பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். நீளம், வால்வுப் பக்கத்து மரை, தீப்படும் முனையின் பருமன், அதைத் தாங்கும் பிடிப்பு, இந்த நான்கும் ஒத்துப்போக வேண்டும். மரையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், 8 மில்லிமீட்டரும் 9 மில்லிமீட்டரும் ஒன்றுபோலத்தான் தெரியும். நீளம் சற்றுக் கூடினால் பரவாயில்லை, மிச்சத்தை அகலமான வளையமாகச் சுற்றிச் சூடு படாத இடத்தில் வைக்கலாம். குறைந்தால் இழுத்து மாட்டக் கூடாது.

கெடிலக்கரை எழுதியது:

கொஞ்சம் பொறுங்கள். வாங்கி மாட்டுவதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். பிரிக்காமல் கிடந்த அடுப்பு என்கிறீர்கள். ஓர் ஆண்டுப் பயன்பாட்டில் தெர்மோகப்பிள் முனை குழிவிழுந்து போவது இயல்பே இல்லை. பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருள் அது. முதல் பதிவில் பாத்திரத்தின் அடி கறுக்கிறது என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. மேல் பர்னரில் தீ எந்த நிறம்? நீளம் எவ்வளவு? ஓவன் கதவின் ஓரத்திலோ பின்புறத்திலோ விவரத் தகடு ஒன்று ஒட்டியிருக்கும். அதில் ஜி20, ஜி30 என்பதுபோல் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

தீ மஞ்சளாகத்தான் எரிகிறது, ஐயா. உயரமாகவும் இருக்கிறது. வெளிநாட்டு அடுப்பு என்றால் தீ வலுவாக இருக்கும் என்றுதான் மெக்கானிக் சொன்னார். தகட்டில் "ஜி20, 20 எம்பார்" என்று அச்சிட்டிருக்கிறது.

கெடிலக்கரை எழுதியது:

இதைத்தான் பயந்தேன். அம்மா, இந்த நிமிடத்திலிருந்து அந்த அடுப்பில் மேல் பர்னரையும் பற்றவைக்காதீர்கள்.

ஜி20 என்றால் இயற்கை எரிவாயு. பிரான்சில் குழாய் வழியாக வீட்டுக்கு வருவது. உங்களிடம் இருப்பது 14.2 கிலோ எல்பிஜி சிலிண்டர். இரண்டும் வேறு வேறு எரிபொருள். ஒரே பருமனுள்ள இயற்கை எரிவாயுவையும் எல்பிஜியையும் எடுத்தால், எல்பிஜியில் இரண்டரை முதல் மூன்று மடங்கு வெப்பம் இருக்கிறது. அதனால் எல்பிஜி அடுப்பில், பர்னருக்குள் கேஸைப் பாய்ச்சும் நாசிலின் துளை சிறிதாக இருக்க வேண்டும். உங்கள் அடுப்பில் இருப்பதோ இயற்கை எரிவாயுவுக்கான பெரிய துளை. நம் ரெகுலேட்டர் கொடுக்கும் அழுத்தமும் 30 மில்லிபார் அளவு, தகட்டில் உள்ள 20ஐவிட அதிகம். இரண்டும் சேர்ந்து பர்னருக்கு வடிவமைத்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு எரிபொருளைத் தள்ளுகின்றன. அதற்கு ஈடான காற்று பர்னருக்குள் வர வழியில்லை. ஆகவே அரைகுறையாக எரிகிறது. மஞ்சள் தீ, கரி, கறுத்த பாத்திரம் எல்லாம் அங்கிருந்து வருபவை. தெர்மோகப்பிள் முனையின் ஓரத்தை மட்டும் தொட வேண்டிய தீ அதை முழுவதுமாக விழுங்கிச் சுட்டுத் தின்றுவிட்டது.

கரியைவிடப் பெரிய ஆபத்து, அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. எல்பிஜியில் கசிவு தெரிவதற்காக மெர்காப்டன் கலந்து நாற்றம் கொடுக்கிறார்கள். எரிந்தபின் வரும் இந்த நச்சுக்கு அப்படி எந்த அடையாளமும் கிடையாது. ஜன்னல் சாத்திய சமையலறையில் ஒரு மணி நேரம் ஓவன் இப்படி எரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த நாசிலோடு சிலிண்டரை இணைத்தவரே இப்போது பாதுகாப்பையும் எடுத்துவிடலாம் என்கிறாரே! கேஸ் வேலையில் கைவைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது அந்தத் தகட்டைத்தான். அதைப் பார்க்காதவர் கையில் வீட்டை ஒப்படைக்காதீர்கள்.

புதிய தெர்மோகப்பிளை மட்டும் மாற்றினால் ஓவன் எரியும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நீங்கள் நம்புவீர்கள். அடுத்த ஆண்டு அதுவும் வெந்துபோகும்.

லியோன்_பாண்டி எழுதியது:

கெடிலக்கரை ஐயா சொல்வது முழுக்கச் சரி. நான் புதுச்சேரிக்காரன், இப்போது பிரான்சில் இருக்கிறேன். இங்கே அடுப்பு விற்கும்போது பெரும்பாலும் இயற்கை எரிவாயு நாசிலைப் பொருத்திவிட்டு, சிலிண்டர் கேஸுக்கான நாசில்களைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடவே கொடுப்பார்கள். பின்புறத் தகட்டில் ஒட்டியிருக்கும், அல்லது விளக்கப் புத்தகத்தோடு இருக்கும். பிரிக்காமல் கிடந்த அடுப்பு என்பதால் உங்கள் வீட்டிலும் அந்தப் பை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தேடிப் பாருங்கள், அக்கா. நாசிலின் முகத்தில் எண் பொறித்திருக்கும். அது பெரும்பாலும் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 70 என்றால் 0.70 மில்லிமீட்டர். எந்த பர்னருக்கு எந்த எண் என்பது புத்தகத்தில் அட்டவணையாக இருக்கும். ஜி30 என்ற வரிசையைப் பாருங்கள், அது பியூட்டேனுக்கு, அதாவது சிலிண்டர் கேஸுக்கு உரியது.

நாசிலை மாற்றினால் மட்டும் வேலை முடியாது. சிறு தீயின் அளவைத் தீர்மானிக்கும் திருகு ஒன்று குமிழுக்கு அடியில் வால்வில் இருக்கும். சிலிண்டர் கேஸுக்கு அதை முழுவதும் இறுக்க வேண்டும் என்று பெரும்பாலான புத்தகங்கள் சொல்கின்றன. ஓவன் தெர்மோஸ்டாட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு.

உப்பளம் எழுதியது:

பை கிடைக்காவிட்டால் இருக்கும் நாசிலையே ஈயம் வைத்து அடைத்து, சிறு துளையாகப் போட்டுக் கொடுக்கிறார்கள். அது சரியா?

கெடிலக்கரை எழுதியது:

கூடவே கூடாது, தம்பி. நாசில் துளையில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு மாறினாலே தீ மாறிவிடும். கையால் போட்ட துளை வட்டமாகவும் இருக்காது, கேஸ் நேராகவும் பாயாது. ஈயம் குறைந்த சூட்டிலேயே உருகும். பை இல்லையென்றால் மாடல் எண்ணைக் கொடுத்து நாசில்களை வரவழைக்கலாம். பிரான்சில் இருக்கும் தம்பிக்கும் அது பெரிய வேலையாக இருக்காது.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

பை கிடைத்துவிட்டது! பின்புறத்தில் ஒட்டியிருக்கவில்லை. பெரிய மாமனார் வீட்டில் ஓவன் தட்டுகளைச் சுற்றியிருந்த அட்டைப்பெட்டிக்குள் விளக்கப் புத்தகத்தோடு இருந்தது. ஐந்து நாசில்கள். தெர்மோகப்பிளும் ஓட்டல் அடுப்புப் பொருட்கள் விற்கும் கடையில் கிடைத்தது. மரை சரியாக இருக்கிறது, நீளம் ஒரு சாண் அதிகம். நாசில் வேலையை வேறொரு மெக்கானிக்கிடம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அவர் செய்யும்போது நான் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கெடிலக்கரை எழுதியது:

நல்ல முடிவு. பக்கத்தில் நின்று பாருங்கள். கேள்வி கேட்கத் தயங்காதீர்கள்.

ரெகுலேட்டர் கழன்றிருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். புத்தகத்தை அவர் கையில் கொடுத்து ஒவ்வொரு நாசிலின் எண்ணையும் அட்டவணையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஓவன் நாசில் அடித்தட்டுக்குக் கீழே பர்னரைக் கழற்றிய பிறகுதான் தெரியும். கைக்கு எட்டவில்லை என்று அதை மட்டும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கழற்றிய ஐந்து பழைய நாசில்களையும் உங்கள் கையில் வாங்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

தெர்மோகப்பிளின் செம்புக் குழாயை எங்கும் கூர்மையாக மடிக்கக் கூடாது. முனை பர்னர் ஓரத்தில் அதன் பிடிப்பில் முழுவதும் உட்கார்ந்து, நுனி மட்டும் தீயில் இருக்க வேண்டும். வால்வுப் பக்க நட்டைக் கையால் திருகி, அது நின்ற பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். பலம் காட்டினால் உள்ளே இருக்கும் காப்பு நசுங்கி, புதியதே செத்துப்போகும். இந்த வேலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான்.

பிறகு ரெகுலேட்டரை மாட்டி, பற்றவைப்பதற்கு முன்பே எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியைக் கொளுத்திச் சோதிக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். ரப்பர் குழாயின் மேல் தேதி அச்சிட்டிருக்கும். 5 ஆண்டு தாண்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஓவனின் பின்புறத் தகடு நன்றாகச் சூடாகும், குழாய் அதைத் தொட்டுக்கொண்டு போகக் கூடாது.

தீ நீலமாக, அமைதியாக எரிகிறதா என்று பாருங்கள். ஓவனைச் சூடாக்கி, குமிழைப் பெரியதிலிருந்து சட்டென்று மிகச் சிறியதுக்குக் கொண்டுவாருங்கள். கதவைத் திறந்து சாத்துங்கள். தீ அணையாமல் நிற்க வேண்டும். கடைசிச் சோதனைதான் முக்கியம். ஓவன் எரிந்துகொண்டிருக்கும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். தீ அணைந்து ஒன்றரை நிமிடத்துக்குள் வால்வுக்குள்ளிருந்து "டக்" என்று ஓர் ஒலி கேட்க வேண்டும். காந்தம் விடும் ஒலி அது. அது கேட்டால்தான் வேலை முடிந்தது என்று பணம் கொடுங்கள். ரெகுலேட்டரை மறுபடி திறப்பதற்கு முன் குமிழை அணைத்துவிடுங்கள்.

எப்போதாவது கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ரெகுலேட்டரை மூடிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நாடு முழுவதற்கும் எல்பிஜி அவசர உதவி எண் அதுதான்.

அடுப்படி எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அடித்தட்டில் உள்ள துளைகளை அலுமினியத் தாளால் மூடிவிடாதீர்கள், தங்கச்சி. கேக் மாவு சிந்தாமலிருக்கப் பலர் விரிக்கிறார்கள். காற்றோட்டம் அடைபட்டு மறுபடி மஞ்சள் தீ வரும். சிந்தும் என்று தோன்றினால் கேக் தட்டுக்குக் கீழ்க் கம்பி அடுக்கில் வேறொரு சிறு தட்டு வையுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி எழுதியது:

வேலை முடிந்தது. வந்தவர் புத்தகத்தைப் பார்த்து ஐந்தையும் மாற்றினார். ஓவன் நாசிலுக்காக பர்னரையே வெளியே எடுத்தார். ஐயா சொன்னபடி பழைய ஐந்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். தீ இப்போது பாதி உயரம்தான், முழுக்க நீலம். தோசைக்கல்லின் அடியில் கரியே இல்லை. பெரிய தீயிலிருந்து சிறியதுக்குக் கொண்டுவந்தபோது முதலில் அணைந்தது. தெர்மோஸ்டாட்டின் திருகைச் சரிசெய்த பிறகு கதவைச் சாத்தினாலும் நிற்கிறது. ரெகுலேட்டரை மூடிவிட்டு நானும் தம்பியும் காதை வைத்துக் கேட்டோம். ஒரு நிமிடம் ஆவதற்குள் "டக்" என்று விழுந்தது.

ஒரு சந்தேகம் மட்டும். முன்பு 20 நிமிடத்தில் சூடான ஓவன் இப்போது இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. இது இயல்புதானா?

கெடிலக்கரை எழுதியது:

இயல்புதான், அம்மா. முன்பு எரிந்தது அளவுக்கு மீறிய தீ. இப்போதுதான் அந்த ஓவன் அதற்குரிய அளவில் எரிகிறது. கேக்கை வைப்பதற்கு முன் அரை மணி நேரம் வெறுமனே சூடாக்குங்கள். கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு சிறு கேக்கைச் சோதனைக்குச் சுட்டுப் பார்த்துக் குமிழின் எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது. பழைய குறிப்பில் இருக்கும் நேரம் இனிப் பொருந்தாது.

லியோன்_பாண்டி எழுதியது:

அக்கா, பழைய நாசில்களை எறிந்துவிடாமல் புத்தகத்தோடு அதே பையில் போட்டு வையுங்கள். பின்னாளில் உங்கள் தெருவுக்குக் குழாய் எரிவாயு வந்தால் அவைதான் வேண்டும். விவரத் தகட்டின் பக்கத்தில் "எல்பிஜிக்கு மாற்றப்பட்டது" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்து வருகிற மெக்கானிக் பழைய தகட்டை மட்டும் பார்த்துக் குழம்பக் கூடாது.